தலை ஓர் ஊர், உடல் ஓர் ஊர்

பொம்மைச் சேகரிப்பு பற்றி ஆற்றிய உரையின் அச்சு வடிவம்



பொம்மை பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டுச் சிலர் குழந்தைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இன்று நான் பேசப்போவது பெரியவர்களின் சண்டையைப் பற்றி. ‘இந்தப் பொம்மை அசலா, போலியா’ என்று தொடங்கி, ‘நீயெல்லாம் ஒரு சேகரிப்பாளனா’ என்பதில் போய் நிற்கிற சண்டை. முதல் கேள்வி கேட்கப்பட வேண்டியது. அதற்கு நான் ஆதரவு. இரண்டாவது கேள்வியைக் கேட்கும் அதிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. முதலாவதைக் கேட்கத் தொடங்கியவர்கள் எப்படி அறியாமலே இரண்டாவதற்கு வழுக்கிப் போகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

பணத்திலிருந்து தொடங்கலாம், பணம் இல்லாத இடத்தில் ‘நீ உள்ளே வரலாமா’ என்று கேட்கும் வாயிற்காவலர்கள் அதிகம் நிற்பதில்லை. 2014-இல் லண்டனில் போனம்ஸ் ஏல நிறுவனம் ஒரு பொம்மையை 2,42,500 பவுண்டுக்கு விற்றது. ஜெர்மனியின் கேமர் அண்ட் ரைன்ஹார்ட் நிறுவனம் 1909 வாக்கில் செய்த பொம்மை அது. அச்சு எண் 108. அந்த அச்சில் இன்னொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அதே காலத்தில், ஜெர்மனியின் அதே துரிங்கியா வட்டாரத்தில், ஆர்மாண்ட் மார்செய் என்ற தொழிற்சாலை 390 என்ற எண்ணிட்ட தலைகளை மலை மலையாக வார்த்துத் தள்ளியது. அதுவும் நூறாண்டு கடந்த பீங்கான்தான், அதுவும் ஒரு குழந்தை கொஞ்சி விளையாடியதுதான். ஆனால் பொம்மைக் கண்காட்சிக்கு நீங்கள் அதை எடுத்துப் போனால், “ஓ, 390-ஆ” என்று ஒரு உதட்டுப் பிதுக்கல் கிடைக்கும். பொம்மையில் குறை ஏதும் இல்லை. அது நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ‘அசல்’ பொம்மைகள் எப்படிச் செய்யப்பட்டன என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகத்துப் பொம்மைகளில் பெரும்பங்கு ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலிருந்தும் அதை ஒட்டிய சோனபெர்க் நகரத்திலிருந்தும் போனது. தலைக்கு பிஸ்க் என்கிற, மெருகுப் பூச்சு இல்லாத பீங்கான். தோலின் மங்கலான பளபளப்பு அதில் வரும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். கூழான களிமண்ணை அச்சில் ஊற்றி, சூளையில் சுட்டு, கன்னத்துக்கும் உதட்டுக்கும் வண்ணம் தீட்டி மறுபடி சுடுவார்கள். கிரேஃபன்ஹைன் ஊரில் சைமன் அண்ட் ஹால்பிக் தொழிற்சாலை தலைகளுக்குப் பேர்போனது. நான் சொன்ன கேமர் அண்ட் ரைன்ஹார்ட் நிறுவனம் தலை வார்க்கவே இல்லை. சைமன் அண்ட் ஹால்பிக்கிடம் வாங்கித் தன் உடம்பில் பொருத்தியது. கண்கள் லௌஷா என்ற கண்ணாடி ஊதும் ஊரிலிருந்து வந்தன. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளுக்கும் அதே ஊர்தான் பிறப்பிடம். மரத்தூள், காகிதக் கூழ், பசை கலந்து பிசைந்த உடம்பு வேறொரு பட்டறையில் தயாரானது. விக் வைப்பது, சட்டை தைப்பது எல்லாம் வீட்டு வேலை. குடும்பம் முழுக்க, சின்னப் பிள்ளைகள் உட்பட, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கூலிக்குச் செய்தார்கள். மற்றவர் பிள்ளைகள் விளையாடத் தங்கள் பிள்ளைகளை உழைக்க வைத்த வறுமை அது.

தலை ஓர் ஊர், உடல் ஓர் ஊர், கண் இன்னோர் ஊர். தொழிற்சாலையில் அன்றைக்கு எந்த உடம்பு கையில் அகப்பட்டதோ அதில் தலையைச் செருகிப் பெட்டியில் போட்டார்கள். இன்றைய போட்டிகளில் நடுவர் பூதக்கண்ணாடியோடு வந்து, “இந்தத் தலைக்கு இந்த உடம்பு உரியதில்லை” என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருந்தால் அவர் சொல்வது நியாயம். 1905-இல் பட்டறைக்காரரே அப்படிச் செருகியிருந்தால்? அதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. நடுவரின் அனுபவம் ஒன்றுதான் சாட்சி.

பிரெஞ்சுப் பொம்மை என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. ழுமோ, புரூ என்ற பெயர்களைச் சொன்னாலே சேகரிப்பாளர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அகன்ற கண்ணாடிக் கண்களும் தடித்த புருவமுமாக அவை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மானிய மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1899-இல் பிரெஞ்சு உற்பத்தியாளர்கள் ஒன்று சேர்ந்து எஸ்.எஃப்.பி.ஜே. என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தபோது, அதில் ஜெர்மானியப் பின்னணி கொண்ட பிளைஷ்மன் அண்ட் புளோடலும் இருந்தது. பாரிஸில் பட்டுச் சட்டை போட்டு விற்ற பொம்மைகள் சிலவற்றின் தொப்பியைக் கழற்றினால் பிடரியில் சைமன் அண்ட் ஹால்பிக் முத்திரை இருக்கும். ஜெர்மன் தலை, பிரெஞ்சு உடம்பு, பிரெஞ்சு உடுப்பு. சேகரிப்பாளர்கள் கறாராகப் பிரித்து வைத்த இரண்டு அலமாரிகளில் எதில் இதை வைப்பது என்பது இன்றும் வம்புக்குரிய விஷயம்.

முத்திரையும் அவ்வளவு புனிதமானதில்லை. பழைய தலைகளில் ‘ஜெர்மனி’ என்று பொறித்திருப்பதைக் காலக்கணிப்புக்கு முக்கியச் சான்றாகக் கொள்கிறார்கள். அது வந்த கதை சுங்கச் சாவடிக் கதை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் சரக்கில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. மறு ஆண்டிலிருந்து தலைகளில் நாட்டுப் பெயர் ஏறியது. வரி வாங்குகிறவருக்காகப் பொறித்ததை நாம் வம்சாவளிச் சான்றிதழாக வாசிக்கிறோம்.

இப்படிச் சொல்வதால் நான் காவலர்களைக் கேலி செய்ய வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வாயிலில் வந்து நின்றதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. அமெரிக்காவில் பொம்மைச் சங்கங்களின் கூட்டமைப்பு 1949-இல் உருவானது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அருங்காட்சியகங்களும் பழம்பொருள் வல்லுநர்களும் அன்று பொம்மையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகவே மதித்ததில்லை. ‘பெண்கள் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், தாங்களே முத்திரைகளைப் படியெடுத்து, காப்புரிமைப் பதிவேடுகளையும் பழைய விற்பனைப் பட்டியல்களையும் புரட்டி, ஒரு அறிவுத்துறையையே கட்டினார்கள். டோரதி கோல்மன் என்ற தாயும் எலிசபெத் ஆன், எவலின் என்ற இரு மகள்களும் சேர்ந்து 1968-இல் வெளியிட்ட பொம்மைக் கலைக்களஞ்சியத்தை இன்றும் மேற்கோள் காட்டாதவர் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலை அது.

ஒரு வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டுக்கும் வாயில் வைத்தார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பாடுபட்டுச் சேர்த்த அறிவை யாராவது அலட்சியம் செய்தால் கோபம் வருவது மனித இயல்பு.

திருட்டும் உண்மையிலேயே நடந்தது. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் வீட்டிலேயே பீங்கான் பொம்மை செய்வது பெரிய பொழுதுபோக்கானது. பழைய ழுமோ தலையிலிருந்து அச்சு எடுத்து, வீட்டுச் சூளையில் சுட்டு, தன் பெயரையும் ஆண்டையும் பிடரியில் பொறித்து வைத்தவர்கள் நேர்மையான கைவினைஞர்கள். ஆனால் அந்தப் பொறிப்பைத் தேய்த்துவிட்டு, பழைய துணி உடுத்தி, பழைய விலைக்கு விற்றவர்களும் வந்தார்கள். சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த பதில் அழகானது. பீங்கான் சூளையில் சுருங்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். ஆகவே அசல் தலையிலிருந்து அச்சு எடுத்து வார்த்த தலை, அசலைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். எண்ணுக்குரிய சுற்றளவு தெரிந்தவர் நூலைப் பிடித்து அளந்தே சொல்லிவிடுவார். ஒட்டி மறைத்த விரிசலைப் புற ஊதா விளக்கு காட்டிக்கொடுக்கும். அளவுநாடாவும் விளக்கும் யாரையும் அவமதிப்பதில்லை. இந்த வகைக் காவல் எனக்கு முழுச் சம்மதம்.

இதற்கு முன்பே காலம் இன்னொரு வேடிக்கையும் செய்திருந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிலிருந்து சரக்கு வருவது நின்றபோது, ஜப்பானின் மோரிமுரா சகோதரர்கள் நிறுவனம் ஜெர்மன் பொம்மைகளைப் பார்த்து பிஸ்க் பொம்மைகள் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. அன்று அவை மாற்றுச் சரக்கு, மட்டமான நகல். இன்று அவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டத்திலும் ‘எது அசல் மோரிமுரா’ என்ற விசாரணை நடக்கிறது.

பார்பிக்கு வருவோம். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைச் சந்தையில் மேட்டல் நிறுவனம் அவளை அறிமுகப்படுத்தியது. தயாரானது ஜப்பானில், விலை 3 டாலர். முதல் வரிசைப் பார்பியின் பாதத்தில் துளையும் அதற்குள் செப்புக் குழாயும் உண்டு. நிறுத்தி வைக்கும் தாங்கியின் கம்பிகள் அதில் செருகிக்கொள்ளும். பிற்காலப் பொம்மையின் பாதத்தில் துளை போட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு என்பதால் அந்தக் குழாயை உற்றுப் பார்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பரணில் கிடைத்த பார்பியின் இடுப்பில் ‘1966’ என்று இருப்பதைப் பார்த்துப் புதையல் கிடைத்ததாகத் துள்ளுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது இடுப்பைத் திருப்பும் உடலமைப்பின் உரிமைப் பதிவு ஆண்டு. 1990-களில் மலேசியாவிலும் சீனாவிலும் செய்த பொம்மைகளிலும் அதே எண்தான் இருக்கும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் நல்ல சேகரிப்பாளர். இதை வைத்துப் புதியவரைச் சிரித்து விரட்டுபவரும் தன்னை நல்ல சேகரிப்பாளர் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்.

ஆனால் அந்த முதல் பார்பியே எவ்வளவு அசல்? ஜெர்மனியில் பில்டு நாளிதழின் கேலிச்சித்திரத்தில் லில்லி என்றொரு பெண் வந்தாள். 1955-இல் அவளைப் பொம்மையாகச் செய்து விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். மேட்டலின் ரூத் ஹேண்ட்லர் 1956-இல் சுவிட்சர்லாந்து பயணத்தில் லில்லியைப் பார்த்து வாங்கிவந்தார். மூன்றே ஆண்டில் பார்பி பிறந்தாள். அக்கா தங்கை என்றால் நம்பும்படியான சாயல். லில்லியின் உரிமம் பெற்ற மார்க்ஸ் நிறுவனம் 1961-இல் வழக்குப் போட்டது. 1963-இல் சமரசம். 1964-இல் மேட்டல் லில்லியின் உரிமையையே விலைக்கு வாங்க, லில்லி நின்றுபோனாள். இன்று ஏலத்தில் பல ஆயிரம் டாலர் பெறும், ‘அசல்’களுக்கெல்லாம் அசலான அந்த முதல் பார்பி, ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் நகல் என்று குற்றம் சாட்டப்பட்டு நின்றது. இதே மேட்டல், 1994-இல் தன் முதல் பார்பிக்கே 35-ஆம் ஆண்டு மறுபதிப்பு வெளியிட்டது. அதையும் பழசென்று சொல்லி விற்கப் பார்த்தவர்கள் உண்டு.

சரி, இப்போது ஜப்பானுக்கு. இன்றைய காலத்தில் சண்டை மிகக் கடுமையாக நடப்பது பந்துமூட்டுப் பொம்மை உலகத்தில்தான். வோக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 1999-இல் ‘சூப்பர் டால்ஃபி’யை வெளியிட்டது. பெரிய அளவில் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம். பாலியூரிதேன் ரெசினில் வார்த்த உறுப்புகள். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும். பந்துமூட்டும் எலாஸ்டிக்கும் நான் முன்பு சொன்ன ஜெர்மன், பிரெஞ்சு உடம்புகளிலேயே இருந்தவை. இடையில் ஹான்ஸ் பெல்மர் என்ற கலைஞர் 1930-களில் பெர்லினில் அந்த மூட்டை வைத்து அச்சமூட்டும் பொம்மைகள் செய்தார். 1965-இல் ஒரு பத்திரிகையில் அவற்றின் படத்தைப் பார்த்த யோட்சுயா சைமன் என்ற இளைஞர் ஜப்பானில் பந்துமூட்டுப் பொம்மைக் கலையின் முன்னோடி ஆனார். ஐரோப்பாவிலிருந்து சுற்றி வந்த மூட்டு இப்போது ‘ஆசியப் பந்துமூட்டுப் பொம்மை’ என்ற தனி இனத்தின் அடையாளம்.

இந்தப் பொம்மையின் தத்துவமே வேறு. பெரும்பாலும் முகம் வெறுமையாக வரும். வாங்கியவர் தானே வண்ணம் தீட்டலாம், அல்லது ஃபேஸ்-அப் கலைஞரிடம் அனுப்பலாம். கண்ணை மாற்றலாம், விக்கை மாற்றலாம். ஒரு நிறுவனத்தின் தலையை இன்னொரு நிறுவனத்தின் உடம்பில் வைக்கலாம். எந்த நிறுவனத்து ரெசின் நிறம் எதோடு ஒத்துப்போகும் என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். கவனியுங்கள்: பழைய பீங்கான் பொம்மைக் கூடத்தில் மதிப்பெண் இழக்கவைக்கும் அதே காரியம், அடுத்த கூடத்தில் ரசனைக்குச் சான்று. அங்கே முகத்தை அழித்து மறுபடி தீட்டினால் பொம்மையின் மதிப்பு போயிற்று. இங்கே தீட்டாவிட்டால் பொம்மை முடியவில்லை.

அப்படித் தாராளமான இந்தக் கூடத்திலும் காவல் உண்டு, பீங்கான்காரர்களை மிஞ்சும் காவல். ஒரு பக்கம் ரீகாஸ்ட். அசலை வாங்கிச் சிலிக்கோன் அச்சு எடுத்து, மலிவான ரெசினில் வார்த்து, விலையில் ஒரு பகுதிக்கு விற்பது. நூறு, இருநூறு பிரதிகளோடு பிழைக்கும் தனிக் கலைஞருக்கு இது வயிற்றிலடி. ‘பணமில்லாதவர்களும் வைத்துக்கொள்ளட்டுமே’ என்ற வாதம் எனக்கு ஏற்பில்லை. உயிரோடிருக்கும் கலைஞரின் கைவேலையை அவர் அனுமதியின்றி வார்த்து விற்பவர் ஏழைகளுக்குச் சேவை செய்யவில்லை.

ஆனால் விற்றவர் மேல் காட்ட வேண்டிய கோபம் வைத்திருப்பவர் மேல் பாய்கிறது. சந்திப்புக்கு வந்த கல்லூரிப் பெண்ணிடம் சான்றிதழ் கேட்பது, மறுவிற்பனையில் வாங்கி ஏமாந்தவரிடம் ‘உடைத்துப் போடு’ என்பது எல்லாம் நடக்கிறது. இன்னொரு பக்கம், திருட்டே இல்லாத இடத்திலும் சில சேகரிப்பாளர் குழுக்கள் கதவைச் சாத்தின. வினைல் உடம்பா, சேராது. வோக்ஸ் நிறுவனமே செய்த டால்ஃபி டிரீமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. முகம் மேற்கத்தியச் சாயலா, சேராது. இதில் எந்தக் கலைஞர் நஷ்டப்பட்டார்? யாருமில்லை. கலைஞரைக் காக்கக் கற்ற குரலைத் தன் ரசனையைக் காக்கவும் பயன்படுத்துகிறார்கள். நான் வழுக்கல் என்று சொன்னது இதைத்தான்.

நம் ஊரில் இதெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் நவராத்திரி வரை பொறுத்திருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை கொலுவில் சேர்த்தியா? செம்மரத்தில் செய்யாமல் வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியது மரப்பாச்சியா? படிக்குப் பக்கத்துப் பூங்காவில் பார்பி நிற்கலாமா? பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் களிமண்ணோடு வாழ்பவர்களின் பிழைப்பைப் பற்றி யோசித்துக் கேட்டால் முதல் கேள்வியில் பொருள் இருக்கிறது. கடைசிக் கேள்வி வெறும் அதட்டல். ஜெர்மனியில் அச்சில் வார்த்து, ரவிவர்மா படங்களைப் பார்த்து வண்ணம் தீட்டி, இந்தியச் சந்தைக்கு அனுப்பிய பீங்கான் லட்சுமியும் சரஸ்வதியும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்று நல்ல விலைக்குப் போகிறார்கள். லியோ மேட்டல் என்ற பெயரில் இந்தியாவில் செய்த, சேலை கட்டிய பார்பியை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

முத்திரையே அளவுகோல் என்றால், முத்திரை இல்லாதவை என்ன ஆகும்? 2022-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் ‘கறுப்புப் பொம்மைகள்’ என்ற கண்காட்சி நடந்தது. 1850 முதல் 1940 வரை, பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் கையால் தைத்த நூற்றுக்கும் மேற்பட்ட துணிப் பொம்மைகள். அடிமைத்தளையிலிருந்து தப்பி, 1861-இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்ட ஹேரியட் ஜேக்கப்ஸ், தான் வேலை செய்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தைத்த பொம்மைகளும் அங்கே இருந்தன. அவர் பெயராவது தெரிகிறது. மற்றவற்றில் பலவற்றைத் தைத்தவர் யாரென்று தெரியாது. பிடரியில் எண் இல்லை, பெட்டி இல்லை, அச்சு இல்லை. கிழிசல் துணி, தேய்ந்த நூல், யாருடைய சட்டையிலோ மிஞ்சிய பொத்தான். நெடுங்காலம் தொழிற்சாலைப் பொம்மைக்காரர்களின் அட்டவணைக்கு வெளியே கிடந்தவை இவை. இப்போது விலை ஏறிவிட்டது, ஆகவே இவற்றுக்கும் போலிகள் வரும். தையல் நூலின் வயதைப் பார்க்கும் நிபுணர்களும் வருவார்கள். வரட்டும், அந்த அறிவு தேவை. தைத்த பெண்ணின் கதையை அது மறைக்காமல் இருந்தால் சரி.

கடைசியாக, இங்கே சேகரிப்பாளர்கள் சிலர் இருப்பதால் இரண்டு நடைமுறைக் காரியங்கள். பொம்மை வாங்கும்போது ‘அசல்’ என்ற ஒற்றைச் சொல்லை ரசீதில் ஏற்காதீர்கள். தலை எது, உடம்பு எது, கண், விக், உடுப்பு எப்போது மாற்றியது, எங்கே ஒட்டியது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டாம். அடுத்தது, கண்காட்சி நடத்துபவர்களுக்கு. விற்பனை மேசையில் ரீகாஸ்டுக்கும் போலிக்கும் இடம் கொடுக்காதீர்கள், அதில் தயவே வேண்டாம். பார்வை மேசையில் ஒருவர் தன் பொம்மையை இன்னதென்று ஒளிக்காமல் எழுதி வைத்தால், வைக்க விடுங்கள். பக்கத்து நாற்காலியில் அவர் உட்காரட்டும்.

நேரம் தாண்டிவிட்டேன் என்று அமைப்பாளர் கையைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது என்ன விலை போகும் என்பதை மட்டும் பொம்மையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.